தனியாகப் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

‘எல்லாம் உட்பட’ என்று போட்டிருக்கும் மலிவு விலை பேக்கேஜில் படுக்கை, சாப்பாடு, லிஃப்ட் பாஸ் (சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கான சீட்டு), ஸ்கீ (சறுக்குப் பலகை), பூட்ஸ் வாடகை, பயிற்சி எல்லாமே அடங்குமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் விடுபட்டுப்போவது மதியச் சாப்பாடும் ஹெல்மெட்டும்தான்.

ஹாஸ்டலில் கட்டிலுக்கு மட்டும்தான் காசு. தனி ஆளாக ஒரு அறையை எடுத்தால் விழும் கூடுதல் கட்டணம் இங்கே விழாது, பெரிய ஆறுதல் அது. ஆல்ப்ஸ் பக்கம் புத்தாண்டு முடிந்த ஜனவரி வாரங்களில் விலை இறங்கும், பிப்ரவரி பள்ளி விடுமுறையில் மறுபடி ஏறிவிடும்.

பயணத்தையே கெடுக்கக்கூடியது பூட்ஸ். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குளிருக்குப் பயந்து தயவுசெய்து இரண்டு சாக்ஸ் போடாதீர்கள். மடிப்பு அழுத்தி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் விறைத்துப்போகும். மெல்லிய, நீளமான ஸ்கீ சாக்ஸ் ஒரு ஜோடி போதும்.

வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடியான பைண்டிங் கழலும் இறுக்கத்தை அதை வைத்துத்தான் அமைப்பார்கள். எடையையோ அனுபவத்தையோ கூட்டிச் சொன்னால் விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

பூட்ஸ் உலர்த்தும் அறை இல்லாத ஹாஸ்டலைத் தவிருங்கள். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு, காதடைப்பான் அவசியம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு பல சமயம் சேராது. மலை மீட்புச் செலவு அடங்குமா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள்.