அறிவியல் நகரில் நாலு அறை

கடன் எடுத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகை அறைகள் கட்டலாம் என்று 2019இல் நானும் கணவரும் சமையலறை மேசையில் இருந்து கொப்பியில் போட்ட கணக்கு மிகச் சுலபமானது. நாலு அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு மாதம் 4,000. மொத்தம் 32,000 ரூபா. வங்கியில் 20 இலட்சம், 13 வீத வட்டி, 10 வருடம் என்றால் தவணை 29,900 அளவில் வரும். கையில் 2,000 மிச்சம்! அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு 12 மாத வாடகை என்று எழுதிய பக்கத்தைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வரும்.

வாடகைக்கு ஆள் வருமா என்ற கவலை இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சியில் உள்ள அறிவியல் நகரில்தான். விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வீடு வீடாக அறை கேட்டுத் திரிவார்கள். எங்களைச் சுற்றவிட்டது காணிதான்.

முதலில் பார்த்த காணி மலிவு. "பெர்மிட் காணிதான் தங்கச்சி, பயப்பிடாதேங்கோ, அற்றோணி எழுதித் தாறன்" என்றார் விற்க வந்தவர். அற்றோணி என்றால் அவர் சார்பில் காணியைக் கையாள எங்களுக்குத் தரும் அதிகாரப் பத்திரம். கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டங்களில் அரசு கொடுத்த காணிகள் பல இப்படி அனுமதிப்பத்திரத்தில்தான் இருக்கின்றன. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. வங்கி அலுவலர் போட்டோப் பிரதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். அன்றைக்கு வந்த கோபம் இப்போது நன்றியாக மாறிவிட்டது.

இரண்டாவது, உறுதி (சொந்தப் பத்திரம்) உள்ள காணி. எல்லாம் சரி, ஆனால் மூலையில் நின்ற பழைய கொட்டில் சுவரில் இடுப்பளவு உயரத்தில் மண்நிறக் கோடு ஒன்று ஓடியது. பக்கத்து வளவு அம்மாவைக் கேட்டோம். "இரணைமடு வான்கதவு திறந்த வெள்ளம் பிள்ளை, நாங்கள் பள்ளிக்கூடத்தில கிடந்தனாங்கள்" என்றார். இரணைமடுக் குளம் நிரம்பித் திறந்த 2018 டிசம்பர் வெள்ளம். காணி பார்க்கப் போனால் சுவரைத் தடவிப் பாருங்கள். தரகர் அதைச் சொல்லமாட்டார்.

மூன்றாவது காணிக்குத் தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எடுத்து, உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசைப் பார்த்து, என் பெயரில் உறுதி முடித்தோம். கடனுக்குப் போனால் கணவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். வடக்குத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் மனைவி தன் காணியையே ஈடு வைக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சம்பளம் என்னுடையது, காணி என்னுடையது, கையெழுத்து இவருடையது. இவர் பேனையை எடுத்து ஒரு நிமிடம் யோசிக்கிற மாதிரி நடித்தார்.

கட்டடக் கடனை ஒரேயடியாகத் தரமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அத்திவாரம் எழும்பி, மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகுதான் முதல் பகுதி. அப்போ அத்திவாரத்துக்குக் காசு? என் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின.

2020 தொடக்கத்தில் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மார்ச்சில் கொரோனா, பல்கலைக்கழகம் பூட்டு. அறைகளில் பாயும் வாளியும் மட்டும் கிடந்தன. வங்கி தவணைக்குச் சலுகைக் காலம் தந்தது, ஆனால் வட்டி முதலோடு ஏறிக்கொண்டிருந்தது. பிறகு 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. எங்களுடையது மாறும் வட்டி. கடன் பத்திரத்தில் அந்த வரி பொடி எழுத்தில் இருந்தது. வாசித்துத்தான் கையெழுத்து வைத்தோம், விளங்கி வைக்கவில்லை. வருடக் கடைசியில் தவணை 42,000ஐத் தொட்டது. வாடகையை 5,000 ஆக்கியும் போதவில்லை. மிச்சம் என் சம்பளத்தில் போனது.

அதே வருடம் ஆகஸ்டில் மின்கட்டணமும் சராசரி 75 வீதம் ஏறியது. நாங்கள் கரண்டையும் வாடகையோடு சேர்த்திருந்தோம், பெரிய மடைத்தனம். நாலு அறைக்கும் ஒரே மீற்றர் என்றால் அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். சுடுதண்ணீர்க் கேத்தில், அயன்பெட்டி, விடிய விடிய மின்விசிறி. இப்போது அறைக்கொரு உபமீற்றர் பூட்டி, மாதக் கடைசியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாசித்து எழுதுகிறோம். சண்டை நின்றது.

தண்ணீர்தான் இன்னும் முடியாத வேலை. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. ஷவர் ஓட்டைகள் வெள்ளைப் பொருக்குப் பிடித்து இரண்டு மாதத்தில் அடைத்துவிடும். வினாகிரியில் ஊறவைத்து ஊசியால் குத்துவது இவரின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவதால் வருடத்தில் ஒன்பது, பத்து மாத வாடகைதான் நிச்சயம். அதனால் இரண்டு அறைகளை இடமாற்றத்தில் வந்த ஆசிரியைகளுக்குக் கொடுத்தோம். அவர்கள் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனாலும் வாடகை வரும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் சட்டப்படி செல்லும், ஆகவே அவர்களோடு ஒரு வருடத்துக்கு முறையாக எழுதிக்கொண்டோம்.

2023 நடுவில் இருந்து வட்டி குறையத் தொடங்கியது. எங்கள் தவணை மட்டும் அசையவில்லை. ஏறும்போது தானாக ஏறியது, இறங்குவதற்குக் கடிதம் கேட்டார்கள். இரண்டு கடிதம் கொடுத்து, மூன்றாவது தடவை நேரில் போய் உட்கார்ந்த பிறகு 33,000க்கு வந்தது. போன மாதம் ஒரு காப்பை மீட்டுவிட்டேன்.