ரெக்ரூட்டர் வேலையில் ஏழு மாதம்: ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

நேற்று சாயங்காலம் என் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டும் டிகிரி சர்ட்டிபிகேட்டும் கைக்கு வந்துவிட்டன. ராத்திரி அந்தக் கவரைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்கினேன். பி.காம். முடித்துவிட்டு, கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்சியில் சேரலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை உடனே எழுதிவிடுகிறேன்.

வேலை கிடைப்பது கஷ்டமில்லை. போனில் தயங்காமல் பேசுகிறோமா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் போன ஓர் இடத்தில் பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன். ஒழுங்கான கன்சல்டன்சிக்குப் பணம் தருவது ஆள் எடுக்கும் கம்பெனி. பெரும்பாலும் சேர்ந்தவரின் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வேலை தேடி வருகிறவரிடமே காசு கேட்டால் அங்கே உட்காராதீர்கள்.

அப்புறம் கிண்டியில் ஓர் ஆபீஸில் சேர்ந்தேன். முதல் நாளே ஒரிஜினல் கேட்டார்கள். "வெரிஃபிகேஷனுக்குத்தான்மா, ஒரு வாரத்தில் தந்துடுவோம்." கொடுத்துவிட்டேன். பக்கத்து சீட் அக்கா கேட்டதும் திக்கென்றது: "கையெழுத்து போட்டு ஏதாவது எழுதி வாங்கினியா?" மறுநாள் போய், என்னென்ன கொடுத்தேன் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, சீலும் கையெழுத்தும் வாங்கினேன். முகத்தைச் சுளித்தார்கள். பரவாயில்லை என்று நின்று வாங்கி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வேலை இதுதான்: நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் ஆள் தேடுவது, ஒரு நாளைக்கு அறுபது எழுபது கால், லைன்-அப், அதாவது இன்டர்வியூவுக்கு ஆளை ஏற்பாடு செய்வது. இரண்டு மாதம் ஒரு ஜாயினிங்கும் இல்லை, நான் அனுப்பிய யாரும் வேலையில் சேரவில்லை. மூன்றாவது மாதம் ஜாவா புரோகிராமிங் தெரிந்த ஒருவரின் அருமையான ப்ரொபைலை (பயோடேட்டா) ஒரு கம்பெனிக்கு அனுப்பினேன். டூப்ளிகேட் என்று திரும்பி வந்தது. வேறொரு கன்சல்டன்சி அதே ஆளை இரண்டு மணி நேரம் முன்னால் அனுப்பியிருந்தது. யார் முதலில் அனுப்பினார்களோ அவர்களுக்குத்தான் அந்த ஆள். அன்று முதல், "இந்தக் கம்பெனிக்கு நீங்கள் என் ப்ரொபைலை அனுப்பலாம்" என்று கேண்டிடேட்டிடம் ஒரு வரி மெயில் வாங்காமல் எதையும் அனுப்பியதில்லை. மெயில் கேட்கும்போதே, "ஏற்கெனவே ஒருத்தர் அனுப்பிட்டாங்க மேடம்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த அடி ஆஃபர் டிராப், அதாவது ஆஃபர் வாங்கியவர் கடைசியில் சேராமல் போவது. ஐடியில் பல இடங்களில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம், 90 நாள். நாம் வாங்கிக் கொடுத்த ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு கேண்டிடேட் அந்த மூன்று மாதமும் இன்னும் பெரிய சம்பளம் தேடலாம்; பழைய கம்பெனியே கூட்டித் தருகிறேன் என்று நிறுத்திவிடவும் செய்யலாம். சேர வேண்டிய காலையில் என் ஆளுடைய போன் சுவிட்ச் ஆஃப். ஆஃபர் வந்ததும் ராஜினாமா மெயிலைக் கேளுங்கள், வாரம் ஒரு முறை பேசுங்கள். ஊர் மாற வேண்டியிருந்தால் வீட்டில் சம்மதமா என்றும் கேளுங்கள்; நிறைய ஆஃபர்கள் அங்கேதான் முறிகின்றன.

ஐந்தாவது மாதம் இரண்டு பேர் சேர்ந்தார்கள். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் முதல் நாள் ஐடி கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அந்தச் சந்தோஷம் உண்மையானது.

ஆள் சேர்ந்ததற்கு எனக்கு வர வேண்டிய இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. இன்டர்வியூவில் ஒரு ஜாயினிங்குக்கு 3,000 என்று வாயால் சொன்னார்கள். ஆஃபர் லெட்டரில் தொகையே இல்லை, 'கம்பெனி விதிப்படி' என்று மட்டும் இருந்தது. கிளையன்ட், அதாவது ஆள் எடுத்த கம்பெனி, பணம் தர வேண்டும், சேர்ந்தவர் 90 நாள் நிலைக்க வேண்டும் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதற்குள் அவர் போய்விட்டால் கன்சல்டன்சி வேறு ஆளை இலவசமாகத் தர வேண்டும். ஆனால் அதற்கு முன் நான் வேலையை விட்டால் ஒன்றும் கிடையாது என்பதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. தொகை, நிபந்தனை, எப்போது கைக்கு வரும், மூன்றையும் சேருவதற்கு முன்பே மெயிலில் வாங்கிவிடுங்கள்.

வேறு வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்தேன். ஒரிஜினல் கேட்டால் ஒரு நாள் எச்.ஆர். லீவு, இன்னொரு நாள் லாக்கர் சாவி சாரிடம். மூன்று முறை அலைந்தேன். நான்காவது முறை திண்டிவனத்திலிருந்து அப்பா வந்தார். அவர் சத்தமே போடவில்லை. ரிசப்ஷனில் உட்கார்ந்து, "குடுத்தா வாங்கிட்டுப் போறோம், இல்லைன்னா இந்தத் தாளோட ஸ்டேஷனுக்குப் போறோம் சார்" என்றார். அந்தச் சீல் போட்ட தாளின் போட்டோவை வைத்து அன்று காலையே நானும் ஒரு மெயில் போட்டிருந்தேன். இருபது நிமிடத்தில் கவர் வந்தது.

புது இடத்துக்கு முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்டுவிட்டேன். "ஒரிஜினலைப் பார்த்துவிட்டுக் கையோடு தந்துவிடுவோம்" என்று பதில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை சேர்கிறேன்.