பறவை எச்சத்தில் பணம் பார்த்த நியூயார்க் மேயர்

வால் ஸ்ட்ரீட் பக்கம் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் அந்த வெண்கலக் காளையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நடந்தால் ஹானோவர் ஸ்கொயர் வந்துவிடும். சின்னப் பூங்கா. எதிரே காப்பிப்பொடி நிறக் கல்லில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம், வாசலில் தூண்கள். பெயர் இந்தியா ஹவுஸ். ஆசையாகப் பக்கத்தில் போனால், நமக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெளிநாட்டு வணிகத்தில் இருந்த அமெரிக்கர்கள் 1914-ல் தொடங்கிய கிளப் அது. உறுப்பினர் அல்லாத எனக்கு வாசல் தரிசனம் மட்டும்தான்.

நான் போனது கிளப்புக்காக இல்லை. அதற்கு முன்பு இந்தக் கட்டடத்தில் இருந்து தொழில் நடத்திய வில்லியம் ரஸ்ஸல் கிரேஸுக்காக. கப்பல் முதலாளி, இரண்டு முறை நியூயார்க் மேயர்.

1832-ல் அயர்லாந்தில் பிறந்தவர். உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டையே காலி செய்த நேரத்தில், இவருடைய அப்பா ஓர் ஐரிஷ் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பெருவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார். அது சரிப்பட்டு வரவில்லை. அப்பா ஊர் திரும்பினார். மகன் கயாவோ துறைமுகத்தில் தங்கிவிட்டார். கப்பல்களுக்குக் கயிறு, பாய், தார், உப்புக்கறி சப்ளை செய்யும் ஒரு கடையில் குமாஸ்தா வேலை. சில வருஷத்தில் அதே கடையில் பங்குதாரர்.

அப்போது பெருவின் தங்கச் சுரங்கம் என்றால் சின்சா தீவுகள். மழையே பெய்யாத கடற்கரை என்பதால், கடற்பறவைகளின் எச்சம் கரைந்து போகாமல் நூற்றாண்டுக் கணக்கில் மலையாகக் குவிந்து கிடந்தது. குவானோ என்பார்கள். ஐரோப்பிய, அமெரிக்க வயல்களுக்கு அதுதான் உயர்ந்த எரு. அள்ளிப்போக வந்த கப்பல்கள் முறை வருவதற்காக மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடக்கும். அரிசி தீரும், கயிறு அறும், கேப்டனுக்குப் பொறுமை போகும். ஒவ்வொன்றுக்கும் கயாவோ வரை ஓட வேண்டும். கிரேஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கப்பலையே மிதக்கும் மளிகைக் கடையாக்கித் தீவுப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். எச்சத்தை வெட்டியவனைவிட, வெட்டக் காத்திருந்தவனுக்குச் சாமான் விற்றவனுக்குக் காசு. எனக்கு இவருடைய மொத்த வாழ்க்கையிலும் பிடித்த இடம் இதுதான்.

பிடிக்காத இடமும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தத் தூசியில், நாற்றத்தில் வெட்டியவர்கள் சீனாவிலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவரப்பட்ட கூலிகள். செத்தவர்கள் ஏராளம். தப்பிக்கக் கடலில் குதித்தவர்களும் உண்டு. ஹானோவர் ஸ்கொயரில் எந்தக் கல்லிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

மெய்ன் மாநிலத்துக் கப்பல் கட்டுபவர் ஒருவரின் மகள் லில்லியஸை மணந்து, 1860-களின் நடுவில் கிரேஸ் நியூயார்க் வந்து சேர்ந்தார். ஹானோவர் ஸ்கொயரிலிருந்து வடக்கே நடந்தால் சிட்டி ஹால், 1812-ல் திறந்தது. இன்றைக்கும் மேயர் உட்காருவது அங்கேதான். 1880 தேர்தலில் கிரேஸ் நின்றபோது பெரிய கலாட்டா. கத்தோலிக்கன் வந்தால் பள்ளிக்கூடங்கள் போப்பின் கைக்குப் போய்விடும் என்று பிரசாரம். சுமார் 3,000 வாக்கில் தப்பிப் பிழைத்து, நகரின் முதல் கத்தோலிக்க மேயரானார். அவரை நிறுத்தியதில் டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சிக் கும்பலின் தலைவர் ஜான் கெல்லிக்குப் பங்கு உண்டு. பதவி கிடைத்ததும் அவரோடேயே மோதல். 1884-ல் டாமனியின் வேட்பாளரை எதிர்த்து நின்று மறுபடி ஜெயித்தார். தெருக் குப்பை முதல் போலீஸ் வரை எல்லாவற்றிலும் கமிஷன் பார்த்த கூட்டத்தை அவர் முழுசாக ஒழித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முறைத்துக்கொண்டு நின்றார்.

1885 ஜூனில் சுதந்திர தேவி சிலை 214 பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து இறங்கியபோது மேயர் இவர்தான். சிலை திறந்த 1886 அக்டோபரிலும் இவரே.

மாலையில் பிரையன்ட் பார்க் எதிரே உள்ள கிரேஸ் பில்டிங்கைப் பார்த்தேன். அவருடைய கம்பெனிக்காக 1970-களில் எழுந்த 50 மாடி. அடிப்பகுதி மட்டும் சறுக்குமரம் மாதிரி வளைந்து தெருவுக்கு இறங்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டபடி 1890-ஐப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சிலியோடு போரிட்டுத் தோற்ற பெரு, கடனில் மூழ்கிக் கிடந்தது. கிரேஸின் தம்பி மைக்கேல் நடத்திய பேரத்தில், கடன்காரர்களுக்கு ரயில்பாதைகள் 66 வருஷத்துக்கு, கூடவே 30 லட்சம் டன் வரை குவானோ என்று முடிந்தது. பெருவைக் காப்பாற்றினார்கள் என்பார் சிலர், விற்றார்கள் என்பார் சிலர். கையெழுத்துப் போட்ட நேரத்தில் பெருவுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நிலைமைக்கு வரும்வரை அங்கே லாபம் பார்த்தவர்களில் கிரேஸ் குடும்பமும் உண்டு.

1897-ல் ஏழைப் பெண்களுக்குத் தையல், சுருக்கெழுத்து, டைப்ரைட்டிங் கற்றுக்கொடுக்க அவர் தொடங்கியது கிரேஸ் இன்ஸ்டிட்யூட். 1904-ல் இறந்தார். கல்லறை புரூக்ளினில், ஹோலி கிராஸ் இடுகாட்டில். நான் போகவில்லை, அன்றைக்குக் கால் ஓய்ந்துவிட்டது.