குன்னூர் மலைப்பாதைல எலெக்ட்ரிக் கார்: ரேஞ்ச் நாட்குறிப்பு

டிசம்பர் 12, வெள்ளி

பொண்ணை கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வர காலைலயே கிளம்பியாச்சு. குன்னூர் வீட்ல கிளம்புறப்போ பேட்டரி 62%. ரீஜென் (கால எடுத்தா மோட்டாரே வண்டிய இழுத்துப் புடிச்சு, அந்த சக்திய கரண்டா பேட்டரிக்கு அனுப்புறது) ஃபுல்லா வச்சா வண்டி தானாவே இழுத்துப் புடிக்குது, ஆக்சிலரேட்டருக்கு பெருசா வேலையே இல்ல, கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் வந்தப்போ மீட்டர்ல 69%. பர்லியார் பக்கத்துல ஒரு டூரிஸ்ட் வேன் ஓரங்கட்டி நின்னுச்சு, பிரேக் லைனிங் கருகுற நாத்தம் நம்ம வண்டிக்குள்ள வரைக்கும் வந்துச்சு, டிரைவர் பாட்டில்ல தண்ணி எடுத்து வீல்ல ஊத்திட்டு இருந்தாரு. தயவுசெஞ்சு யாரும் அப்படி ஊத்தாதீங்க, கொதிக்கிற இரும்புல தண்ணி பட்டா விரிசல் விடும், அதுவா ஆறட்டும். அந்த வேன்ல சூடாப் போய் வீணாகுற சக்திதான் நம்ம வண்டில பேட்டரிக்குள்ள போகுது.

திரும்பி வரும்போது 40% இருந்துச்சு, மேட்டுப்பாளையத்துல டீ குடிக்கிற நேரத்துல 68% வரைக்கும் ஏத்திக்கிட்டோம். பக்கத்துல நின்ன டாக்ஸிக்காரர், "ஏனுங்க சார், இது மேல ஏறுமாங்களா?"ன்னு கேட்டாரு. ஏறுங்கண்ணா, தாராளமா ஏறும். வீட்டுக்கு வந்தப்போ 38%.

டிசம்பர் 13, சனி

34 கிலோமீட்டருக்கு 30% போயிடுச்சேன்னு பொண்ணுக்கு ஆச்சரியம். உக்காந்து கணக்கு போட்டோம். ஆளு, லக்கேஜ் எல்லாம் சேத்து வண்டி 1800 கிலோ, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ஏத்தம் சுமார் 1500 மீட்டர். 1800ஐ 9.8ஆல பெருக்கி 1500ஆல பெருக்கி, ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல்னு வகுத்தா 7 யூனிட் சொச்சம் வருது. எடையை மேல தூக்குறதுக்கு மட்டுமே அவ்வளவு. டயர் உராய்வு, காத்து, மோட்டார்ல போற நஷ்டம் எல்லாம் சேந்தா 12 யூனிட் கிட்ட ஆகுது, நம்ம பேட்டரி 40 யூனிட், அப்போ 30% சரியாத்தான் இருக்கு.

அதனால மலைக்கு வர்றவங்க கிலோமீட்டரை மட்டும் பாக்காதீங்க, எத்தனை மீட்டர் உயரம்னு பாருங்க. ஒரு சார்ஜ்ல இவ்வளவு தூரம் போகும்னு கம்பெனி சொல்ற ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டி சோதனை பண்ற அமைப்பு) நம்பர் லேப்ல வண்டிய ரோலர் மேல ஓட்டி எடுக்குறது, அதுல ஏத்தமே கிடையாது, அத வச்சு குன்னூர் ஏத்தத்தை எப்படி கணக்கு போடுறது?

இறங்கும்போது அந்த 7 யூனிட்டும் திரும்ப வராது. பாதி ரோட்டுக்கும் காத்துக்குமே போயிடும், மிச்சத்துல மாத்துறப்போ கொஞ்சம் போயிடும், கையில நிக்கிறது 3 யூனிட் அளவுக்குத்தான். பைக்காராவுல 1932லயே மேல இருந்து இறங்குற தண்ணில கரண்ட் எடுத்த ஊருங்க இது, இறங்குற வண்டில எடுக்குறதும் அதே கணக்குதான்.

டிசம்பர் 28, ஞாயிறு

லீவு கூட்டம், காட்டேரி கிட்ட வண்டிங்க வரிசையா நகராம நின்னுச்சு. நிக்கும்போது மோட்டாருக்கு செலவே இல்ல, லைட், ஃபேன் அவ்வளவுதான், மீட்டர் அசையவே இல்ல. வரிசை நகர ஆரம்பிச்சப்போ முன்னாடி நின்ன பெட்ரோல் கார் வளைவுல ஃபர்ஸ்ட் கியர்லயே உறுமிக்கிட்டு ஏறுச்சு, பாவமா இருந்துச்சு. காத்த அமுக்கி உள்ள தள்ளுற டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஊட்டி உயரத்துல பவர் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிடும், அங்க காத்து அவ்வளவு லேசு. மோட்டாருக்கு காத்தே வேண்டாம், கீழ இருந்த இழுவை அப்படியே மேலயும் இருக்கு. எனக்கு இந்த வண்டில ரொம்பப் புடிச்ச விஷயம் ரேஞ்ச் கூட இல்ல, இதுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

ராத்திரி ஊட்டில காந்தல்ல மாமியார் வீட்ல தங்கினோம். காலைல கண்ணாடி மேல உறைபனி உப்பு மாதிரி படிஞ்சு கிடந்துச்சு, விரல் வச்சு தேச்சா நறநறன்னுச்சு. கிளம்பினா ரீஜென் பாதி கூட வேலை செய்யல. பேட்டரி செல் ரொம்ப சில்லுன்னு இருக்கும்போது வேகமா சார்ஜ் ஏத்தினா லித்தியம் உள்ள போகாம மேலயே படிஞ்சிடும், அதுக்காக வண்டியே அளவா வாங்கிக்குது. வண்டி மேல தப்பில்ல, ஆனா ஓட்டுறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும், ஏன்னா நேத்து கால எடுத்ததும் நின்ன வண்டி இன்னைக்கு நிக்காது, பிரேக்க மிதிச்சாகணும். கேத்தி தாண்டுறதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா பழைய இழுவை வந்துடுச்சு. ஹீட்டரும் நல்லா தின்னுது, பெட்ரோல் வண்டில இஞ்சின் சூட்டுலயே வர்ற வெப்பம் இங்க பேட்டரில இருந்துதான் வந்தாகணும்.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு திருப்பூர்ல இருந்து மச்சான் புது எலெக்ட்ரிக் வண்டில வர்றாரு, ராத்திரி ஃபோன். "மாப்ள, வந்து சேந்துருவேனா?"ன்னு ஒரே பயம். நீலகிரிக்குள்ள வர்றதுக்கான இ-பாஸ் போட்ருங்க, மேட்டுப்பாளையத்துல 60க்கு கம்மியா இருந்தா ஏத்திட்டு கிளம்புங்க, ஏத்தத்துல மீட்டர் சரசரன்னு இறங்கும், அதைப் பாத்து ஏசிய அமத்திட்டு குழந்தைங்கள வேக வைக்காதீங்கன்னு சொன்னேன். திரும்பிப் போறப்போ நம்ம வீட்ல 100 ஏத்திக்கலாமான்னு கேட்டாரு. வேண்டாம் மச்சான், 85 போதும். ஃபுல்லா இருந்தா ரீஜென் பண்ற கரண்டை வாங்க பேட்டரில இடம் இருக்காது, 14 கொண்டை ஊசி வளைவும் வெறும் பிரேக்லயே இறங்கணும்னு சொல்லிருக்கேன்.