வங்கி பி.ஓ. நேர்காணல்: உங்கள் பதிலில்தான் அடுத்த கேள்வி இருக்கிறது

பொதுத்துறை வங்கிகளுக்கு அதிகாரிகளை (பி.ஓ.) எடுக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். நேர்காணலின் மொத்தம் 100. அதில் 15 மதிப்பெண் கூடுதலாக வாங்கினால் இறுதிக் கணக்கில் 3 ஏறும். அதே 3-ஐ முதன்மைத் தேர்வில் எட்ட 3.75 சதவீதம் கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். தசமப் புள்ளியில் ஆட்கள் வெளியே போகிற பட்டியலில் இது பெரிய வித்தியாசம்.

முதலில் சான்றிதழ்கள். தமிழ்நாட்டில் பலர் இடறுவது இங்கேதான். பி.சி., எம்.பி.சி. என்று கையில் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் இந்தத் தேர்வுக்குப் போதாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) இல்லை என்ற வரியோடு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அது எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அடுத்த தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கார்த்திக் ச', பட்டத்தில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் சண்முகம்' என்றிருந்தால் சரிபார்க்கும் மேசையிலேயே கேள்வி வரும். ஆதாரை முன்கூட்டியே திருத்துவது சுலபம். முடியாவிட்டால் அஃபிடவிட் கையில் இருக்கட்டும்.

உள்ளே கேட்பதில் பெரும்பகுதி உங்கள் பயோடேட்டாவிலிருந்தும், அங்கே நீங்கள் வாயால் சொல்வதிலிருந்தும்தான் கிளம்பும். அதனால் கேள்வி வங்கியை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த மூன்று கேள்விகளை நீங்களே எழுதிப் பார்ப்பது பலன் தரும்.

'மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் வங்கி?' இது வராமல் இருக்காது. 'மக்களுக்குச் சேவை செய்ய' என்றால், 'அதற்கு வங்கிதான் வேண்டுமா?' என்று மடக்குவார்கள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு சிறு பம்ப் பட்டறை லேத் வாங்கக் கடன் கேட்டால், கொட்டேஷனில் உள்ள விலையும் மெஷினின் திறனும் பொருந்துகிறதா என்று பார்க்க என் படிப்பு உதவும் என்பது நல்ல பதில். ஆனால் அதைச் சொன்ன கையோடு டர்ம் லோனுக்கும் (மெஷின் போன்றவை வாங்கும் தவணைக் கடன்) வொர்க்கிங் கேபிட்டலுக்கும் (தொழிலின் அன்றாடச் செலவுக்கான கடன்) என்ன வித்தியாசம், அடமானம் இல்லாத சிறுதொழில் கடனுக்கு யார் உத்தரவாதம் தருகிறார்கள் என்று வரும். அங்கே திணறினால் முதல் பதிலும் கடன் வாங்கிய பதிலாகிவிடும்.

வங்கிக் கேள்விகளும் அப்படித்தான். ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டி, எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுவார்கள். அது குறைந்தால் எல்லாருடைய இ.எம்.ஐ.யும் உடனே குறையுமா என்றால் பலர் 'ஆமாம்' என்று மாட்டிக்கொள்கிறார்கள். 2019 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வங்கிகள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும். அவற்றில் மாற்றம் சீக்கிரம் தெரியும். வங்கி தன் சொந்த நிதிச் செலவை வைத்து வட்டி போடும் பழைய எம்.சி.எல்.ஆர். கடன்களில் தாமதமாகும். நிலையான வட்டியில் எதுவும் நகராது. வாராக் கடனும் இதே கதை. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வாராக் கடன் என்று எல்லாரும் சொல்வார்கள். பயிர்க் கடனுக்கு அந்தக் கணக்கு இல்லை: நிலுவை குறுகிய காலப் பயிருக்கு இரண்டு சாகுபடிப் பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் நீடிக்க வேண்டும். விவசாயக் குடும்பம் என்று பயோடேட்டாவில் எழுதியவர் இதைத் தெரியாமல் போகக் கூடாது.

சொந்த ஊரை வங்கிக்காரர் கண்ணால் பாருங்கள். கரூர்க்காரர் என்றால் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி, பஸ் பாடி கட்டும் தொழில், 1916-இல் தொடங்கிய கரூர் வைஸ்யா வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி எல்லாம் வரும். இந்த இணைப்பு ஏன் நடந்தது என்பது அடுத்த கேள்வி. தூத்துக்குடி, கும்பகோணம் ஆட்களுக்கும் சொந்த ஊர் வங்கி உண்டு. ஊரின் கோயில் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது வீணான வாய்ப்பு.

பயிற்சிக்கு இரண்டு நண்பர்களும் ஒரு செல்போனும் போதும். 15 நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். ஒரு பதில் 40 நொடியைத் தாண்டினால் பெரும்பாலும் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருப்பீர்கள். ஆங்கிலத்தில் தடுமாறுவது தமிழ் வழியில் படித்தவர்களின் பெரிய பயம். சின்ன வாக்கியமாகச் சொன்னால் இலக்கணப் பிழையை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. வேகமாகப் பேசி விழுங்குவதுதான் கெடுக்கும். சுய அறிமுகத்தை ஒப்பிக்க வேண்டாம், நடுவில் குறுக்கிட்டால் விட்ட இடம் கிடைக்காது. தெரியாத கேள்விக்கு 'தெரியாது சார்' என்று உடனே சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். ஊகித்துச் சொன்னால் அந்த ஊகத்தையே பிடித்து இன்னும் நான்கு கேள்வி ஓடும்.