ஸ்டெராய்டு ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுங்கள்

மூட்டுவலிக்காரர்களுக்குத் துணையாக மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கும் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறோம். மூட்டுவலி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. புற்றுநோயின் அடையாளமாக வரும் ஒருசில வலிகள் தவறிப்போவது, நாங்கள் பார்த்தவரை, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பரிசோதனைக்கு முன்பே போட்டு, வலியை அடக்கி நோயை மறைத்துவிடும் ஸ்டெராய்டு ஊசி.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கை கால் வீங்கினால் "சிக்குன்குனியா மிச்சம்" என்பார்கள். அந்த வலி மாதக்கணக்கில் இழுப்பது உண்மைதான். ஆனால் அது காய்ச்சலோடு தொடங்கியிருக்கும். காய்ச்சலே இல்லாமல் 50 வயதுக்கு மேல் திடீரென்று வந்து, ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்து, உடம்பும் இளைத்தால் அதைச் சிக்குன்குனியா கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி. இதில் வலியைவிடப் பலவீனமே முந்தும். களையெடுக்கக் குத்தவைத்தவர் தரையில் கை ஊன்றாமல் எழ முடியாது. தலை சீவவும் கொடியில் துணி போடவும் கை உயராது. கண் இமையில் ஊதா நிறம், விரல் முட்டிகளின் மேல் தடிப்பு வரும். நம் தோலில் அந்த ஊதா கருப்பாகத்தான் தெரியும், வெயில் பட்டது என்று விட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் சுமார் 100 பேரில் 15 முதல் 25 பேருக்குப் புற்றுநோயும் சேர்ந்திருக்கிறது. தசைநோய் தெரிந்ததற்கு முன்னும் பின்னும் 3 ஆண்டுகளுக்குள் அது வெளிப்படுவதே அதிகம். அதனால் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாமல் நெஞ்சு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேன், பெண்களுக்கு மேமோகிராமும் சினைப்பை ஸ்கேனும் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். முதல் தடவை சுத்தமாக வந்தாலும் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு விரல் நுனி பருத்து, நகம் கிளிமூக்காக வளைந்து, கணுக்காலும் முழங்காலும் வலித்தால் நெஞ்சு எக்ஸ்ரே அன்றே எடுக்க வேண்டும். காலுக்கு மட்டும் படமெடுத்து அனுப்பினால் நுரையீரல் கட்டி தெரியாமலே போகும்.

தீராத முதுகுவலியோடு, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 100-ஐத் தாண்டி, ஹீமோகுளோபின் இறங்கி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறினால் மைலோமாவை (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) நினைக்க வேண்டும். ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரிசிஸ் பரிசோதனையைக் கேளுங்கள். அதுவரை கடையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே நோகும் சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் எங்களுக்குப் பயம் அதிகம். வீக்கம் கொஞ்சமாக இருக்க, வலியோ ராத்திரி அழ வைக்கிறது என்றால் ரத்தப் புற்றுநோய் இருக்கலாம். முழு ரத்த எண்ணிக்கையோடு ரத்த ஸ்மியரும் (ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்த பிறகே ஸ்டெராய்டு. முந்திக் கொடுத்தால் வலி அடங்கும், புற்றணுக்களும் தற்காலிகமாக ஒடுங்கும்; பிறகு எலும்பு மஜ்ஜை எடுத்தாலும் நோய் பிடிபடாமல் போகலாம்.

முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றதும் முடக்குவாதம்தான் என்று நிம்மதி அடையாதீர்கள். காசநோயிலும் சில புற்றுநோய்களிலும்கூட அது பாசிட்டிவ் ஆகும்.

பெரியாஸ்பத்திரியில் மூட்டு வாத நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லுங்கள். வெறும் "கால்வலி" என்றால் எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடக்கூடும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு முதல் வாரமே மனுக் கொடுங்கள். நோய் உறுதியான பிறகு ஓடினால் சிகிச்சை தள்ளிப்போகும்.

பழைய ஊசி, மாத்திரைச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் கொண்டுபோங்கள். ஊரில் போட்டது என்ன ஊசி என்று தெரியாவிட்டால், போட்டவரிடம் மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.