திருவிதாங்கோட்டுக் கருங்கல் பள்ளி

திங்கட்கிழமைகளில் பத்மநாபபுரம் அரண்மனை திறப்பதில்லை. அன்று கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் இறங்கி ஏமாந்து நிற்கும் வெளியூர்க்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆட்டோ பிடித்துத் திருவிதாங்கோட்டுக்குப் போங்கள். தோமையார் கோவில் என்று கேட்டால் போதும். அரப்பள்ளி என்றும் சொல்வார்கள்; பள்ளி என்றால் இங்கே கிறிஸ்தவ ஆலயம். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் புனித மரியா ஆலயம் அது.

திருவிதாங்கூர் என்ற பெயரே இந்த ஊரிலிருந்துதான் வந்தது. கல்குளத்தில், அதாவது இன்றைய பத்மநாபபுரத்தில், அரண்மனை எழும் முன்பு வேணாட்டு (திருவிதாங்கூரின் பழைய பெயர்) அரசர்கள் இங்கே இருந்தார்கள். இன்றோ இது ஒரு பேரூராட்சி. பெரிய ராஜ்யத்தின் தலைநகரமாக இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

கன்னியாகுமரியின் அலங்கார மாதா ஆலயத்தை, அதன் வெள்ளைக் கோபுரங்களோடு பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அரப்பள்ளி சப்பென்றுதான் இருக்கும். அவ்வளவு சிறியது. ஆனால் சுவரின் அருகே போய் நில்லுங்கள். உள்ளூர்க் கருங்கல்லைச் செதுக்கி எடுத்து அடுக்கியிருக்கிறார்கள்; உளி விழுந்த தடங்கள் இன்னும் தெரிகின்றன. கல்லைக் கையாண்டிருக்கும் விதம் நம் பக்கத்துக் கோவில்களின் விதம். சிலுவை கண்ணில் படும்வரை இதை ஒரு சிறு சிவன் கோவில் என்றே நினைக்கலாம். கல் தச்சர்களுக்கு ஒரே ஒரு கைப்பழக்கம்தான் தெரிந்திருந்தது, அதை யார் கேட்டாலும் செய்துகொடுத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி வயது விவகாரம். கி.பி. 63-இல் இயேசுவின் சீடரான புனித தோமையாரே இதைக் கட்டினார், அரசர் நிலம் கொடுத்தார் என்பது சபையின் மரபு. மரபாக அதை மதிக்கிறேன். வரலாறாக ஏற்பதில்தான் தயக்கம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் ஒரு கோவில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பெருமையோடு பொறித்துவைத்தது 7-ஆம் நூற்றாண்டில். நம் மாவட்டத்தில் சிதறால் மலையில் இருக்கும் சமணச் சின்னங்களோடு சேர்ந்த ஆய் மன்னர் காலக் கல்வெட்டு 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்படியிருக்க, முதல் நூற்றாண்டில் இங்கே ஒரு முழுக் கல் கட்டடம் எழுந்தது என்பதற்குச் சான்று வேண்டும். மரமும் ஓலையுமாக இருந்த ஒரு தொழுகையிடத்தைப் பிற்காலத்தில் கல்லாக மாற்றியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஊகம் தேவைப்படாத ஆவணம் ஒன்று உண்டு. கி.பி. 849-இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டிக்கொடுத்தார். தரிசாப்பள்ளிச் செப்பேடு என்பது அதுதான். அதில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் வருகின்றன. (அஞ்சுவன்னம் என்ற பெயரைத் தக்கலை முஸ்லிம் ஜமாத்தில் இன்றும் கேட்கலாம்.) கடல் வாணிபத்துக்கு ஆள் தேவைப்பட்ட அரசு, வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது. மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் இந்தப் பக்கம் வருவதற்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் முன்பே வேணாட்டில் கிறிஸ்தவர்கள் சட்டப்படி நிலம் வைத்திருந்தார்கள் என்பது, எனக்கு அந்த 63-ஐவிடப் பெரிய செய்தி.

வழிபாடு மலையாளத்தில் நடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த வட்டாரம் திருவனந்தபுரத்தோடு இருந்ததை நினைத்தால் வியப்பில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

நேரம் இருந்தால் அதே ஊரில் இருக்கும் மகாதேவர் கோவிலையும் பாருங்கள். மகா சிவராத்திரிக்கு 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறார்களே, அந்தப் பன்னிரண்டில் ஒன்று. பள்ளியைப் பார்த்த கண்ணோடு நேரே அங்கே போனால், இரண்டு இடத்துக் கல்வேலையையும் ஒப்பிடலாம். கி.பி. 63 என்று எழுதுகிறவர்கள் அதை அழிக்க வேண்டாம். 'மரபுப்படி' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, கல் தச்சர்களுக்கும் இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.